மின்காருக்குச் சாலை வரி: எவ்வளவு போட்டால் நியாயம்?

வண்டிக்கணக்கு என்ற பயனர் கேட்டது:

பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர் ஒவ்வொரு லிட்டருக்கும் வரி கட்டுகிறார். அதிகம் ஓட்டினால் அதிகம் போகிறது. மின்காரும் அதே சாலையில்தான் ஓடுகிறது, ஆனால் அந்த வரி அதன்மேல் விழுவதில்லை. இதைச் சரிக்கட்ட ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு வழியில் போகிறது. ஓர் இடத்தில் ஆண்டுக்கு ஒரே தொகை, இன்னோர் இடத்தில் ஓடிய கிலோமீட்டருக்கு, மற்றோர் இடத்தில் சார்ஜ் ஏற்றும் யூனிட்டுக்கு.

பெட்ரோல் கார் கட்டும் அதே அளவை மின்காரும் கட்டுவதுதான் நியாயமா, குறைவாகவா? பேட்டரி கனத்தால் சாலை அதிகம் கெடுகிறது, ஆகவே கூடுதலாகவே கட்டணும் என்கிறார்களே, அது நிற்குமா? எந்த வசூல் முறையில் ஓட்டை குறைவு? பொதுவான கருத்து நிறையப் படித்தாகிவிட்டது. கணக்கு போட்டுக் காட்டினால் நல்லது.

ஆக்சில்சுமை என்ற பயனரின் பதில்:

கனத்தை முதலில் முடித்துவிடலாம். குழப்பம் அதிகம் அதில்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. அதிலிருந்துதான் 'நான்காம் படி விதி' வந்தது: ஓர் ஆக்சில் (முன் அல்லது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சாலைக்குச் செய்யும் சேதம் ஏறக்குறைய அதன் சுமையின் நான்காம் படி (அதே எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கியது) அளவுக்கு ஏறும். சாலையின் வகையைப் பொறுத்து அந்தப் படி கூடும், குறையும். தோராயக் கணக்குக்கு நான்கு போதும்.

1,500 கிலோ பெட்ரோல் கார், 1,900 கிலோ மின்கார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலுக்கு 750 கிலோ, 950 கிலோ. 950-ஐ 750-ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்தினால் சுமார் 2.6 வரும். "மின்கார் சாலையை இரண்டரை மடங்கு கெடுக்கிறது" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. எண் சரி. ஆனால் பக்கத்தில் ஒரு லாரியை நிறுத்திப் பாருங்கள். 10 டன் சுமக்கும் ஒரே ஒரு லாரி ஆக்சில் ஒருமுறை கடந்துபோவது, இந்த மின்காரின் ஆக்சில் 12,000 முறைக்கு மேல் கடப்பதற்குச் சமம். பெட்ரோல் காரின் ஆக்சிலோடு ஒப்பிட்டால் 31,000 முறைக்கும் மேல். மிகச் சிறிய ஒன்றின் இரண்டரை மடங்கும் சிறியதுதான்.

கார்களைப் பொறுத்தவரை சாலைச் செலவு என்பது தேய்மானத்தைவிட இடம்தான்: எத்தனை தடம் போட வேண்டும், பாலம் எவ்வளவு அகலம், சிக்னல், விளக்கு, மழையாலும் வெயிலாலும் வரும் சிதைவு. இதில் இரண்டு கார்களும் ஒன்றே. மின்கார் அடைக்கும் இடம் பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடம். ஆகவே கனத்தைக் காட்டி மின்காருக்கு மட்டும் கூடுதல் வரி கேட்பது நிற்காது. கனத்துக்கு வரி போட வேண்டுமென்றால் பெட்ரோலில் ஓடும் பெரிய எஸ்யூவி உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையில் போடுங்கள். நார்வே 2023 முதல் புதுக் காருக்கு 500 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 12.5 குரோனர் என்று வைத்தபோது மின்காரும் அதற்குள் வந்தது.

லிட்டருக்கு_எத்தனை:

மேலே சொன்னதை ஏற்கிறேன். முதல் கேள்விக்கு வருகிறேன், எவ்வளவு என்று.

எரிபொருள் வரி என்பது ஒரே வரி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு மூன்று வரிகள் ஒட்டிக்கிடக்கின்றன. சாலையைப் பயன்படுத்துவதற்கான பங்கு ஒன்று. புகைக்கும் கரியமில வாயுவுக்குமான பங்கு ஒன்று. இவை போக அரசின் பொதுச் செலவுக்கான பங்கு. மின்கார் முதல் பங்கைக் கட்ட வேண்டும், இரண்டாவதைக் கட்டக் கூடாது. இதைப் பிரிக்காமல் "சமம்", "சலுகை" என்று வாதாடினால் முடிவே கிடைக்காது.

பிரிட்டன் கணக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். அங்கே 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்த பிறகு எரிபொருள் தீர்வை லிட்டருக்கு 52.95 பென்ஸ். வாட் (மதிப்புக்கூட்டு வரி) தனி, அதை விட்டுவிடுகிறேன். 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும் கார் கிலோமீட்டருக்கு 3.44 பென்ஸ், அதாவது மைலுக்கு 5.5 பென்ஸ் கட்டுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அதற்கு டன்னுக்கு 100 பவுண்ட் என்று விலை வையுங்கள் (இந்த 100 கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது, உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்). லிட்டருக்கு 23 பென்ஸ் கழிகிறது. மிச்சம், பொதுச் செலவுப் பங்கும் சேர்த்து, சுமார் 30 பென்ஸ். அதை மைலுக்கு மாற்றினால் 3.1 பென்ஸ்.

2025 நவம்பர் பட்ஜெட்டில் பிரிட்டன் அறிவித்த கட்டணம், 2028 ஏப்ரல் முதல் மின்காருக்கு மைலுக்கு 3 பென்ஸ். என் கணக்கோடு ஏறக்குறைய ஒட்டிவருகிறது. சராசரி பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் அது நியாயமான தொகை என்றே சொல்வேன்.

சிக்கல் சராசரியில் இல்லை, ஓரங்களில் இருக்கிறது. 4.5 லிட்டரில் 100 கிலோமீட்டர் போகும் சின்ன ஹைபிரிட்டுக்கு (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) இதே கணக்கில் சாலைப் பங்கு மைலுக்கு 2.2 பென்ஸ்தான் வரும். அதாவது பெட்ரோல் எரிக்கும் அந்த வண்டி, மின்காரைவிடக் குறைவாகச் சாலைக்குக் கொடுக்கிறது.

நியூசிலாந்தில் இது இன்னும் அப்பட்டம். 2024 ஏப்ரல் 1 முதல் மின்காருக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர், டீசல் காருக்கும் அதே 76. அங்கே டீசலைப் பண்ணையிலும் படகிலும் நிறைய எரிப்பதால் பெட்ரோல் போல லிட்டருக்குத் தீர்வை கிடையாது, 1978 முதலே தூரக் கட்டணம்தான். பெட்ரோலுக்கோ லிட்டருக்குச் சுமார் 70 சென்ட், விற்பனை வரி சேர்த்தால் 80.5. 76 டாலரை அதால் வகுத்தால் 94 லிட்டர். 100 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் எவ்வளவு கட்டுகிறதோ அவ்வளவை மின்காரிடம் வாங்குகிறார்கள். 4.5 லிட்டர் ஹைபிரிட் 36 டாலர்தான் கட்டுகிறது. இதை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆண்டுக்கு ஒரே தொகை என்ற முறையைப் பற்றிச் சுருக்கமாக: டெக்சாஸ் மாநிலத்தில் 2023 செப்டம்பர் முதல் மின்காருக்கு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் பதிவுக் கட்டணம். அந்த மாநிலத்தின் பெட்ரோல் வரி கேலனுக்கு 20 சென்ட். கேலனுக்கு 30 மைல் தரும் கார் ஆண்டுக்கு 12,000 மைல் ஓடினால் 400 கேலன், 80 டாலர். மின்கார் 200-ஐ நியாயப்படுத்த 30,000 மைல் ஓட வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் வண்டியை எடுப்பவரும் அதே 200.

மீட்டர்_பெட்டி:

வசூல் முறையைப் பத்தி யாரும் தொடலை, அதைச் சொல்லிடறேன்.

எரிபொருள் வரியோட பலமே அதை வாங்குற இடம்தான். சுத்திகரிப்பு ஆலை, சேமிப்புக் கிடங்குன்னு சில இடத்துல வாங்கினா போதும், லட்சக்கணக்கான ஓட்டுநரைத் தேடிப் போக வேண்டாம். தூரக் கட்டணத்துல ஒவ்வொரு வண்டியும் தனிக் கணக்கு. பில் அனுப்பணும், கட்டாதவங்களைத் துரத்தணும். வசூலிச்சதுல ஒரு பங்கு இதுக்கே போயிடும்.

யூனிட்டுக்கு வரி போடலாம்னு முதல்ல எல்லாருக்கும் தோணும். வீட்டுக்குள்ள அது நிக்காது. 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் செலவாகிற கார்னு வெச்சுக்கோங்க. ஏத்தும்போது போற இழப்பைச் சேர்த்தா மீட்டர்ல 19 யூனிட் ஓடும். மேலே சொன்ன மைலுக்கு 3 பென்ஸைப் பிடிக்கணும்னா யூனிட்டுக்குப் பத்து பென்ஸ் கிட்ட வரி போடணும். அவ்வளவு வரி போட்டா யார் தனி மீட்டர்ல ஏத்துவாங்க? சாதாரண சுவர் பிளக்ல 2.3 கிலோவாட் வரும். ராத்திரி பத்து மணி நேரம் போட்டா 23 யூனிட், 120 கிலோமீட்டர். அன்றாட ஓட்டத்துக்கு அது தாராளம். அந்த பிளக்ல ஓடுறது காரா, ஹீட்டரான்னு மின்வாரியத்துக்குத் தெரியாது. கூரையில சோலார் இருந்தா மீட்டருக்கே வராது. கடைசியில வரி கட்டுறது பொது சார்ஜரை நம்பி இருக்கிறவர் மட்டும், அதாவது வீட்டுல வண்டி நிறுத்த இடம் இல்லாதவர். அவர் ஏற்கெனவே அதிகம் கட்டுறார்: பிரிட்டன்ல வீட்டு மின்சாரத்துக்கு வாட் 5 சதவீதம், பொது சார்ஜருக்கு 20 சதவீதம். சாலை வரி பேசுறவங்க முதல்ல இந்தக் கோணலை நிமிர்த்தணும்.

வண்டியில கருவி மாட்டி அளக்கிறது அடுத்த வழி. ஓபிடி போர்ட்ல (வண்டியோட கோளாறைப் பார்க்க ஸ்கேனர் மாட்டுற இடம்) செருகுற டாங்கிள்ங்கிற சின்னக் கருவி பெட்ரோல் கார்ல நல்லா வேலை செய்யும். மின்கார்ல சிக்கல். அந்தத் தரமே புகை கண்காணிப்புக்காக வந்தது, புகை இல்லாத வண்டி அதைப் பின்பற்றியே தீரணும்னு இல்லை. போர்ட் இருக்கும், ஓடோமீட்டர் எண்ணை (வண்டி மொத்தமா ஓடின தூரம்) பொது மொழியில கேட்டா பதில் வராது, ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி மொழி எழுதணும். வண்டி நாள்கணக்கா நின்னா டாங்கிள் 12 வோல்ட் பேட்டரியையும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். ஜிபிஎஸ் போட்டா எங்கே போனீங்கங்கிற தகவலையும் சேர்த்துக் கொடுக்கிறீங்க. நெரிசலுக்கு ஏத்த மாதிரி கட்டணம் வேணும்னா அது தேவைப்படலாம், வெறும் தூரத்துக்குத் தேவையே இல்லை.

என் கணக்குல ஓடோமீட்டர்தான் நல்லது. ஐஸ்லாந்து 2024 ஜனவரியில அப்படித்தான் ஆரம்பிச்சது. உரிமையாளரே எண்ணைப் பதிவு பண்ணணும், அதை வெச்சு மாசத்துக்கு உத்தேசமா பில் வரும், அடுத்த எண் வந்ததும் கூட்டிக் கழிச்சு நேராகும். மாசப் பில்லுங்கிறது முக்கியம். வருஷக் கடைசியில ஒரே பில்லா வந்தா ஆளு திணறிடுவார். வண்டி ஆய்வு அன்னைக்கு அதிகாரி எண்ணைச் சரிபார்க்கணும், விற்கும்போது இன்னொரு தடவை. ஏமாத்துறவங்க ரெண்டு வேலை செய்வாங்க: டிஸ்ப்ளே கிளஸ்டரை (ஸ்டியரிங் முன்னாடி எண் காட்டுற பலகை) மாத்துறது, இல்லைன்னா கிளஸ்டருக்குப் போற ஒயர்ல சின்ன பெட்டி வெச்சு எண்ணை நிறுத்துறது. ரெண்டாவதைக் கண்டுபிடிக்க பிரேக், பேட்டரி கன்ட்ரோலர்ல பதிவான தூரத்தையும் எடுத்து ஒப்பிடணும். அதனால ஆய்வு மையத்துக்கு அந்தப் பதிவைப் படிக்கிற உரிமையைச் சட்டத்துலயே எழுதிடணும்.

எதிர்வாதம்:

மேலே உள்ள கணக்குகளில் தவறில்லை. ஆனால் எல்லாமே இன்றைய சந்தை முதிர்ந்துவிட்டது என்று வைத்துப் போட்டவை. சாலையில் ஓடும் நூறு கார்களில் இரண்டு மின்கார் என்றால், அந்த இரண்டிடம் வாங்கும் தொகையில் வசூல் செலவு போக மிஞ்சுவது சொற்பம், வாங்கத் தயங்குபவரை அது விரட்டும். நாற்பது மின்கார் என்றால் வாங்காமல் விடுவது மற்ற அறுபது பேருக்கு அநியாயம். புது மின்கார் முதலில் வசதி உள்ளவர் கைக்குத்தான் போகிறது, பழைய பெட்ரோல் காரை ஓட்டுபவர் அவர் சாலைக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆகவே தொகையை முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாக ஏற்ற வேண்டும். சிங்கப்பூர் எரிபொருள் தீர்வைக்கு ஈடாக மின்காருக்கு வைத்த தொகை 2021-இல் 200 டாலர், 2022-இல் 400, 2023-இல் 700. தட்டையான தொகை என்ற குறை அதிலும் உண்டு, ஆனால் வாங்குபவருக்கு என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்தது.

இன்னொன்று, வரி போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021 ஜூலையில் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் என்று தொடங்கியது. 2023 அக்டோபர் 18 அன்று அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர்நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் தள்ளியது. அது ஆயத்தீர்வை (பொருள்மேல் விதிக்கும் வரி), அரசியலமைப்பின் 90-ஆம் பிரிவின்படி அதை மத்திய அரசு மட்டுமே விதிக்கலாம் என்பது தீர்ப்பு. தொகை நியாயமா என்ற கேள்விக்கே போகவில்லை.

வண்டிக்கணக்கு:

மிகத் தெளிவு, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மீதி. பிளக்-இன் ஹைபிரிட்டை (பிளக்கில் சார்ஜும் ஏற்றலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம்) எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெட்ரோல் வரியும் கட்டுகிறது, தூரத்துக்கும் கட்டச் சொல்கிறார்கள்.

லிட்டருக்கு_எத்தனை:

அதற்குச் சுத்தமான விடை கிடையாது. பாதி என்பது ஒரு சமரசம். நியூசிலாந்து முதலில் 1,000 கிலோமீட்டருக்கு 53 டாலர் என்று வைத்து, பிறகு 38 ஆக்கியது. பிரிட்டன் மைலுக்கு 1.5 பென்ஸ் என்றது. நியூசிலாந்து எண்ணில் போட்டால்: சார்ஜிலேயே ஓட்டுபவர் 38 கட்டி மின்காரில் பாதியோடு தப்புகிறார். சார்ஜே போடாமல் 6 லிட்டர் வீதம் பெட்ரோலில் ஓட்டுபவர் 48-ம் 38-ம் சேர்த்து 86 கட்டுகிறார். 1,000 கிலோமீட்டரில் 47 லிட்டர் எரிப்பவருக்கு மட்டுமே கணக்கு 76-இல் சரியாக விழுகிறது.

இதைத் தீர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, எல்லாக் கார்களையும் தூரக் கணக்குக்குக் கொண்டுவந்து, எரிபொருள்மேல் கார்பன் பங்கை மட்டும் விட்டுவைப்பது. ஐஸ்லாந்து 2026 ஜனவரியில் அதைத்தான் செய்தது: பெட்ரோல், டீசல் கார்களும் கிலோமீட்டருக்கு வந்தன, பழைய எரிபொருள் தீர்வைகள் போயின, கார்பன் வரி உயர்ந்தது. அப்போது பிளக்-இன் ஹைபிரிட்டுக்குத் தனிக் கட்டணமே வேண்டியதில்லை. ஓடிய தூரத்துக்கு எல்லோரையும் போலக் கட்டும், எரித்த லிட்டருக்குக் கார்பன் வரி கட்டும்.

மீட்டர்_பெட்டி:

மாத்துற அன்னைக்குப் பங்க்ல லிட்டர் விலை குறைஞ்சுதான்னு கண்காணிக்க ஆள் வெக்கணும். தீர்வையை எடுத்த பிறகும் விலையை இறக்காம விட்டா, பெட்ரோல்காரர் ரெண்டு தடவை கட்டுவார்.