பரந்தூர் வேண்டாம் என்றால் சென்னைக்கு எதிரியா?

கணக்குப்பிள்ளை:
இப்போதிருக்கும் மீனம்பாக்கம் போதாதென்று சென்னைக்கு இரண்டாவதாகக் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் கட்டத் திட்டமிட்ட விமான நிலையத்தைப் பற்றி நேற்று பரங்கிமலைவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது, பரந்தூர் விமான நிலையத்தை எதிர்ப்பவர்கள் சென்னை வளரக் கூடாது என்று நினைப்பவர்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்குக் கைதட்டல் வேறு. சரி, ஒரே ஒரு கேள்வி. மும்பையிலும் இரண்டு ஓடுபாதைதான், அங்கேயும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பயன்படுத்த முடியும். 2023-24ல் அங்கே வந்து போனவர்கள் 5 கோடிக்கு மேல். மீனம்பாக்கத்திலும் அதே குறுக்கு வெட்டு ஓடுபாதைகள்தான், அதே வருடத்தில் நமக்கு 2.12 கோடி. அவர்களால் ஐந்து முடிகிறது, நம்மால் ஏன் இரண்டே காலைத் தாண்ட முடியவில்லை? இதைச் சொல்லிவிட்டு அப்புறம் யார் எதிரி, யார் நண்பன் என்று முத்திரை குத்துங்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூரை அறிவித்தபோது 20,000 கோடி என்றார்கள், இப்போது 27,000 கோடியைத் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை.

பரங்கிமலைவாசி:
ஆரம்பித்துவிட்டார் ஐயா. இவர்தான் 2015ல் மெட்ரோ ரயில் வந்தபோது "காலிப் பெட்டிகள் ஓடப்போகின்றன" என்று பக்கம் பக்கமாக எழுதியவர். இன்றைக்கு காலை எட்டரைக்கு ஆலந்தூரில் ஏறிப் பாருங்கள், நிற்க இடம் கிடைக்கிறதா என்று. மும்பையைக் காட்டுகிறீர்களே, அந்த மும்பையே தாங்க முடியாமல் நவி மும்பையில் இரண்டாவது விமான நிலையம் கட்டி 2025 அக்டோபரில் திறந்துவிட்டது தெரியுமா? உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிரி.

கணக்குப்பிள்ளை:
தெரியும். ஐந்து கோடிக்குப் போன பிறகு திறந்தார்கள். நாம் இரண்டு கோடியில் நின்றுகொண்டு பத்து கோடிப் பேருக்குக் கட்டப்போகிறோம். இதில் எது எனக்கு எதிரி? மெட்ரோவில் கூட்டம் எப்போது வந்தது என்றும் சொல்லுங்கள். 2021ல் உச்சக் கட்டணத்தை 70லிருந்து 50க்கு இறக்கிய பிறகு வந்தது. நான் எழுதியது அந்தக் கட்டணத்துக்குக் கூட்டம் வராது என்று. வரவில்லை. பழைய பதிவைத் தேடி எடுப்பவர் முழுசாக எடுக்க வேண்டும்.

மாம்பலத்தார்:
ஒரு சந்தேகம். "நிரம்பிவிட்டது" என்று சொல்கிறீர்களே, நிரம்பியது முனையமா, ஓடுபாதையா, இல்லை விமானம் நிறுத்தும் இடமா? மூன்றும் வேறு வேறு ஆயிற்றே. 2023 ஏப்ரலில் 1,260 கோடி செலவில் புது முனையம் திறந்தார்கள், விரிவாக்கம் முழுக்க முடிந்தால் வருடத்துக்கு 3.5 கோடி பேர் என்றும் சொன்னார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பரங்கிமலைவாசி:
மாம்பலத்தாரே, போன மாதம் நான் வந்த விமானம் கடலுக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலில் கல்பாக்கம் வந்தது, போனது, மறுபடி வந்தது. இறங்கிய பிறகு நிறுத்த இடமில்லை என்று நடுவழியில் நிறுத்தினார்கள். அப்புறம் பஸ். அப்புறம் பெட்டிக்காகக் காத்திருப்பு. அப்புறம் வாடகை வண்டி பிடிக்க பேட்டரி வண்டியில் ஏறி அடுக்குமாடி கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இதற்குப் பெயர் நிரம்பி வழிவது இல்லையென்றால் வேறு என்ன? ஒரு பக்கம் அடையாறு, ஒரு பக்கம் குன்று, மீதிப் பக்கமெல்லாம் வீடு. இரண்டாவது ஓடுபாதையை நீட்டுவதற்கு ஆற்றுக்கு மேலேயே பாலம் கட்டினார்கள், 2015 டிசம்பரில் அந்த ஆறு உள்ளே வந்து நாள் கணக்கில் நிலையத்தையே மூட வைத்தது. இன்னும் எங்கே நீட்டுவது?

கணக்குப்பிள்ளை:
வாடகை வண்டி கிடைக்கவில்லை என்பதற்கு 27,000 கோடியா? பேட்டரி வண்டி இன்னும் பத்து வாங்கிப்போட்டால் தீருகிற விஷயம். ஆறு உள்ளே வந்தது என்கிறீர்கள், சரி, பரந்தூரில் என்ன இருக்கிறது என்று நினைத்தீர்கள், பாலைவனமா? ஏரி, குளம், கால்வாய் எல்லாம் திட்ட எல்லைக்குள்ளேதான். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த நிலத்துக்குள்ளேதான் போகிறது. ஆற்றுமேல் ஓடுபாதை போட்டதைத் தப்பு என்று சொல்லிவிட்டு ஏரிமேல் போடப் போகிறார்கள். இருக்கட்டும். மும்பைக்கு இன்னும் பதில் வரவில்லை. 2018ல் அங்கே ஒரே நாளில் ஆயிரம் விமானங்களுக்கு மேல் ஏறி இறங்கின. நமக்கு ஒரு நாளைக்கு நானூறு சொச்சம். அதே குறுக்கு வெட்டு.

கோவைக்கிழான்:
நீங்கள் இரண்டு பேரும் சென்னைக்கு ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஓடுபாதை இன்னும் 3 கிலோமீட்டரைத் தொடவில்லை. 600 ஏக்கர் சொச்சம் எடுப்பதற்குப் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். திருப்பூர் பனியனும் கோவை பம்புசெட்டும் கொச்சிக்கு லாரியில் போய் விமானம் ஏறுகின்றன. சென்னைக்கு 5,000 ஏக்கர் என்றால் மட்டும் உடனே கோப்பு நகருகிறது. தமிழ்நாடு என்றால் தாம்பரத்தோடு முடிந்துவிட்டது என்று நினைப்பு.

பரங்கிமலைவாசி:
கிழாரே, எந்த இழை தொடங்கினாலும் கோவையைக் கொண்டுவந்து சொருகுவதற்கு உங்களுக்குச் சம்பளம் யாராவது தருகிறார்களா?

கோவைக்கிழான்:
எங்கள் வரியில்தான் உங்கள் பேட்டரி வண்டி ஓடுகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

பரங்கிமலைவாசி:
விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரைப் பாருங்கள். 2008ல் தேவனஹள்ளியில் திறந்தபோது இதே பாட்டைத்தான் பாடினார்கள், ஊரிலிருந்து 35 கிலோமீட்டர், யார் போவார்கள் என்று. இன்றைக்கு அவர்கள் 4 கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஒரு காலத்தில் நாம் அவர்களுக்கு மேலே இருந்தோம். ஹைதராபாத்தும் நம்மைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கெல்லாம் துணிச்சல் இருந்தது, நமக்குக் கணக்குப்பிள்ளைகள் இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
துணிச்சல் இல்லை தம்பி, ஒப்பந்தம். தேவனஹள்ளி திறந்த அன்றைக்கே ஊருக்குள் இருந்த பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் பயணிகள் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். 150 கிலோமீட்டருக்குள் புதிதாக வேறு நிலையம் கூடாது என்று 25 வருடத்துக்கு எழுதியும் கொடுத்தார்கள். ஹைதராபாத்திலும் ஷம்ஷாபாத்தில் புது நிலையம் வந்ததும் பழைய பேகம்பேட் நிலையத்தை நிறுத்தினார்கள். இங்கே மீனம்பாக்கமும் ஓடும், பரந்தூரும் ஓடும் என்கிறார்கள். மீனம்பாக்கம் வாசலிலேயே மெட்ரோ, எதிரே புறநகர் ரயில். பரந்தூர் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். எந்தப் புத்தியுள்ளவன் அங்கே போவான்? கனடாவில் மான்ட்ரியலில் இதையேதான் செய்தார்கள். 1975ல் மிராபெல் என்று ஒரு விமான நிலையம், 97,000 ஏக்கர், ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பினார்கள், எதிர்காலத் தேவை என்றார்கள். ஊருக்குப் பக்கத்திலிருந்த டோர்வால் நிலையத்தை மூடவில்லை, மிராபெலுக்கு ரயிலும் போடவில்லை. ஜனம் டோர்வாலை விட்டு நகரவில்லை. 2004ல் மிராபெலில் பயணிகள் விமானமே நின்றது, அப்புறம் முனையத்தையே இடித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் எத்தனை வருடம் கழித்து?

வடமராட்சி:
கனடா வரைக்கும் ஏன் போவான், எங்கட இலங்கையில இருக்கிற மத்தளவைப் பாருங்கோ. 2013இல் சீனக் கடனில் 20 கோடி டொலர் செலவழித்துக் கட்டின விமான நிலையம். விமானம் வராததால் கொஞ்ச நாளையால் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினவை. உலகத்திலேயே ஆளில்லாத விமான நிலையம் என்று பெயர் வாங்கினதுதான் மிச்சம். கடன் மட்டும் வட்டியோடு நிற்குது.

பரங்கிமலைவாசி:
மத்தளவில் ஊரே கிடையாது, காடும் யானையும். சென்னையைச் சுற்றி ஒரு கோடிப் பேர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முழுக்கத் தொழிற்சாலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது நியாயமா? ரயில் இல்லை என்கிறார் கணக்கர், பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவுக்கே திட்ட அறிக்கை தயார்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், கிட்டத்தட்ட 53 கிலோமீட்டர், 15,900 கோடி. அதை 27,000 கோடியோடு கூட்டினீர்களா? கூட்ட மாட்டீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் 5 கிலோமீட்டர், உங்கள் வீட்டு வாசல்தான், 2008ல் தூண் நடத் தொடங்கினார்கள். கடைசி அரை கிலோமீட்டர் எத்தனை வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று உங்கள் மாடியில் ஏறிப் பார்த்தவர் நீங்கள்தானே? இந்த லட்சணத்தில் 53 கிலோமீட்டரை எந்த ஜென்மத்தில் முடிப்பார்கள்?

பரங்கிமலைவாசி:
அந்த அரை கிலோமீட்டர் நின்றதற்குக் காரணமே நிலம் கொடுக்க மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனவர்கள். உங்களை மாதிரி ஆட்கள். எட்டுவழிச் சாலைக்கும் இதேதான்.

மாம்பலத்தார்:
முனையமா, ஓடுபாதையா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அது போகட்டும், புது நிலையம் கட்டினால் கண்ணாடி விழாமல் கட்டுவார்களா? மீனம்பாக்கத்தில் எண்பது தடவைக்கு மேல் விழுந்திருக்கிறது.

கோவைக்கிழான்:
கோவையில் ஒரு கண்ணாடிகூட விழுந்ததில்லை.

பரங்கிமலைவாசி:
விழுவதற்குக் கண்ணாடி இருந்தால்தானே.

நஞ்சைக்காரன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பரந்தூர் திட்டத்துக்கு நிலம் எடுக்கும் பதிமூன்று கிராமங்களில் ஒன்றில் என் மாமா வீடு. அங்கே கழனிக்கு ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். நம் முறை ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் மடை மாற்றிவிட்டு விடியும்வரை வரப்பில் உட்கார வேண்டும், கண் அயர்ந்தால் அடுத்த கழனிக்குப் போய்விடும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து நிலத்தை விற்க முடியவில்லை, அடகு வைக்க முடியவில்லை, மாமா மகளுக்குக் கல்யாணம் பேசியவர்கள் "உங்கள் ஊரே இருக்காதாமே" என்று பின்வாங்கிவிட்டார்கள். ஏகனாபுரத்தில் ஆயிரம் நாளுக்கு மேல் போராடிவிட்டார்கள், 2024 தேர்தலையே புறக்கணித்தார்கள், கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். நீங்கள் மும்பை ஓடுபாதையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, நான் உங்கள் பக்கம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நஞ்சைக்காரன்:
வேண்டாம். நாளைக்கு மீனம்பாக்கத்தில் ஐந்து கோடிப் பேர் வந்துவிட்டால் "இப்போது சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வீர்கள். உங்கள் கணக்கில் எங்கள் ஏரி எந்த வரியில் வருகிறது?

கணக்குப்பிள்ளை:
நான் அப்படி எங்கே சொன்னேன்? ஏரியைப் பற்றி இந்த இழையில் முதலில் எழுதியதே நான். தேவை இல்லை என்று நிரூபித்துவிட்டால் ஏரியும் தப்பிக்கும், கழனியும் தப்பிக்கும், அதற்குத்தான் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணீரை வைத்து ஒரு திட்டத்தையாவது இதுவரை நிறுத்தியிருக்கிறார்களா? எண்ணை வைத்து நிறுத்தலாம். 2018-19ல் மீனம்பாக்கத்தில் 2.25 கோடி, 2023-24ல் 2.12 கோடி. ஐந்து வருடத்தில் ஏறவே இல்லை, இறங்கியிருக்கிறது. கொரோனா என்பார்கள். பெங்களூரில் கொரோனா வரவில்லையா?

பரங்கிமலைவாசி:
இடம் இருந்தால்தானே ஏறும்! புது விமானம் விட வருகிறவனுக்கு நல்ல நேரம் ஒதுக்க முடியாமல் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, பிறகு "பார்த்தீர்களா, கூட்டமே இல்லை" என்றால் எப்படி? உங்கள் மும்பைக் கதைக்கும் வருகிறேன். 2024 பிப்ரவரியில் மும்பையில் விமானங்கள் இறங்க முடியாமல் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் மேலேயே சுற்றுகின்றன என்று மத்திய அரசே தலையிட்டு உச்ச நேரத்தில் மணிக்கு 46 விமானமாக இருந்ததை 44ஆகக் குறைத்தது. அந்த அவஸ்தையைத்தான் சென்னைக்கு வரமாகக் கேட்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
வாருங்கள் வழிக்கு. குறைத்த பிறகும் 44. மணிக்கு 44! மீனம்பாக்கத்தில் எத்தனை? எழுதுங்கள் பார்க்கலாம். பாதையின் நடுவிலிருந்து சீக்கிரம் வெளியேற வளைவு வழிகள் போட்டு, விமானம் ஓடுபாதையில் நிற்கும் விநாடிகளைக் குறைத்து, மும்பையில் கசக்கிப் பிழிந்து எடுத்தார்கள். அந்த வேலை சில நூறு கோடி. அதில் ரிப்பன் வெட்டும் படம் வராது, ஒப்பந்தக்காரருக்கும் சுவை இல்லை, அதனால்தான் 5,000 ஏக்கர்.

பரங்கிமலைவாசி:
டெல்லியில் நாலு ஓடுபாதை வைத்துக்கொண்டே பக்கத்தில் ஜேவரில் இன்னொரு விமான நிலையம் கட்டினார்கள். அவர்களெல்லாம் முட்டாள்கள், நீங்கள் ஒருவர்தான் அறிவாளி.

கணக்குப்பிள்ளை:
டெல்லியை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்டது மும்பை.