கான்ஃபரன்ஸ் போனில் குரல் வெட்டி வெட்டி வருகிறது, வைஃபைதான் காரணமா?

புதுவை_மாடி:
புதுச்சேரி ஒயிட் டவுனில் பழைய கட்டடத்தின் மாடியில் அலுவலகம். ஒன்றரை அடிச் சுவர், செங்கலும் சுண்ணாம்பும். மீட்டிங் அறையில் வயர்லெஸ் கான்ஃபரன்ஸ் போன். அதன் பேஸ் (போனோடு அலைவழி பேசும் பெட்டி) 12 மீட்டர் தள்ளி, சர்வர் ரேக்குக்குள் ரௌட்டர் மேல் இருக்கிறது. போனின் அடியில் 1880–1900 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஹாலில் 9 பேருக்கு வயர்லெஸ் ஹெட்செட், போனைப் போலவே அவையும் டெக்ட் (கார்ட்லெஸ் போன்களுக்கான வயர்லெஸ் முறை). எல்லாரும் லைனில் இருக்கும் நேரத்தில் குரல் வெட்டுகிறது. வைஃபை சேனலை 1-லிருந்து 11-க்கு மாற்றியும் பலனில்லை. நடுநடுவே ‘டிட்-டிட்-டிர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வேறு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா?

மஞ்சக்குப்பம்_ரேடியோ:
வைஃபையை விட்டுவிடுங்க சார். அது ஓடுவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸில். உங்கள் போன் 1.9-இல். எந்தச் சேனலுக்கு மாற்றினாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) டெக்டுக்கு 10 கேரியர், அதாவது தனித்தனி அலைவரிசை; ஒவ்வொன்றிலும் 12 ஜோடி ஸ்லாட், அதாவது மாறி மாறிப் பேசும் நேரத்துண்டு. கணக்குப்படி 120 வழி, 9 ஹெட்செட்டுக்குத் தாராளம். ஆனால் ஒவ்வொரு பேஸும் தன் கடிகாரப்படி ஓடுவதால், ஒன்றின் ஸ்லாட் மெல்ல நகர்ந்து இன்னொன்றின் மேல் ஏறும். அப்போது போன் வேறு ஸ்லாட்டுக்குத் தாவ வேண்டும். சிக்னல் நன்றாக இருந்தால் தாவியதே தெரியாது. உங்களிடம் இரும்பு ரேக்கும் கனத்த சுவரும் சேர்ந்து போனின் சிக்னலை மெலியவைத்துவிட்டன. பக்கத்து ஹெட்செட்டுகளோ உரக்கக் கேட்கின்றன. அதனால்தான் வெட்டு.

முதலில் பேஸை ரேக்கிலிருந்து வெளியே எடுங்க. லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், பிஓஇ (லேன் கேபிளிலேயே மின்சாரம் வாங்கும்) பேஸ் என்றால் பவரும் அதிலேயே போய்விடும். மீட்டிங் அறை வாசல் தெரிகிற மாதிரி நடையில், ஏழடி உயரத்தில் மாட்டுங்க. இந்தச் சுவர்களில் வாசல்தான் சிக்னலுக்கு வழி. எந்த ஹெட்செட் பேஸும் அதற்கு ஒரு மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

அடுத்து ஹெட்செட்டின் செட்டிங்கில் ரேஞ்சைக் குறையுங்க. இருக்கையிலேயே இருந்து பேசுகிறவருக்கு முழு ரேஞ்ச் எதற்கு? வைட்பேண்டையும் (கூடுதல் தெளிவான குரல்) நேரோபேண்டாக்குங்க (சாதாரண போன் குரல்), வைட்பேண்ட் கால் இரண்டு மடங்கு இடம் எடுக்கும். சோதிக்கும்போது எல்லா ஹெட்செட் பேஸையும் அணைத்துவிட்டு ஒரு கால் போடுங்க. பிறகு மூன்று மூன்றாக ஆன் செய்து, அவற்றிலும் பேசிப் பாருங்க. எதில் வெட்டு ஆரம்பிக்கிறதோ அதன் இடத்தை மாற்றுங்க.

ரிப்பீட்டர் இப்போது வேண்டாம். ஒரே காலுக்குப் பேஸ் பக்கமும் போன் பக்கமும் தனித்தனி ஸ்லாட் பிடிக்கும், நெரிசல்தான் கூடும்.

கடலூர்_டெலிகாம்:
அந்த ‘டிர்ர்ர்’ மேசைமேல் வைத்திருக்கும் மொபைல். 2ஜி-யில் ஓடும் போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். மைக்கின் வயர் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் கொடுத்துவிடும். கால் வருவதற்குச் சற்று முன்பே இரைச்சல் கேட்டால் சந்தேகமே வேண்டாம். கூடுதல் மைக் செருகியிருந்தால் அதன் வயர் பக்கம் மொபைல் வைக்கவே கூடாது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே போதும், வாசல் பக்கம் ஒரு தட்டு வையுங்க. 4ஜி-யில் பேசும் போனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

புதுவை_மாடி:
மிக்க நன்றி. மீட்டிங் அறைக் கம்ப்யூட்டரில் வயர்லெஸ் மவுஸும் சிக்கிச் சிக்கி நகர்கிறது. அதற்கும் ஹெட்செட்தான் காரணமா?

கடலூர்_டெலிகாம்:
இல்லை, மவுஸ் 2.4-இல். அதன் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் குட்டி ரிசீவர்) பக்கத்திலேயே யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா பாருங்க. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது வரும் இரைச்சல் நேராக 2.4 பேண்டில்தான் விழும். டாங்கிளை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைமேல் கொண்டுவந்தால் சரியாகிவிடும். வைஃபை சேனல் விஷயம் இங்கேதான் உதவும்: 1, 6, 11 மூன்றில் காலியானதை எடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்க. லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிவிடுங்க. புளூடூத் ஸ்பீக்கர்போன் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

மஞ்சக்குப்பம்_ரேடியோ:
இன்னொன்று, புதுச்சேரி என்பதால் சொல்கிறேன். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் டெக்ட் போனும் 1880–1900 தான், பேண்ட் ஒத்துப்போகும். அமெரிக்காவிலிருந்து வரும் டெக்ட் 6.0 வேறு. அது 1920–1930. இங்கே மொபைல் டவர்கள் கேட்கிற 1920–1980-க்குள் போய் விழும். அதை ஆன் செய்யவே வேண்டாம்.

கடற்கரைக்குப் பக்கம் என்பதால் போனின் சார்ஜிங் முனைகளையும் பாருங்க. உப்புக்காற்றில் பச்சை பூத்தால் இரவெல்லாம் தொட்டிலில் வைத்தாலும் சார்ஜ் ஏறாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும்.