ரெண்டு பெரிய சர்வரா, மூணு சின்னதா? (கொழிஞ்சாம்பாறை)

வேலந்தாவளம்_நெட்:
60 படுக்கை ஆஸ்பத்திரிக்கு பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் (பல சர்வரைச் சேர்த்து ஒண்ணா நிர்வகிச்சு, அதுமேல விஎம்ங்கற மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டற ஏற்பாடு). பில்லிங், லேப், எக்ஸ்ரே படம் எல்லாம் சேர்த்து விஎம்களுக்கு 160 ஜிபி ரேம், 5 டிபி இடம் வேணும். 256 ஜிபி சர்வர் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ரெட்டை பவர் சப்ளைன்னு கொடேஷன் வந்திருக்கு. போதுமாங்க?

சித்தூர்_ரேக்:
போதாதுங்க. கிளஸ்டர்ல சர்வருக்கு ஒரு ஓட்டு. ரெண்டே ஓட்டு இருந்தா பெரும்பான்மைக்கு ரெண்டும் வேணும். ஒண்ணு விழுந்தா மிச்சமிருக்கறதும் கோரம் (அந்தப் பெரும்பான்மை) இல்லாம நின்னுடும். மூணாவது ஓட்டுக்கு ஒரு சின்ன மெஷின்ல கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடற சாஃப்ட்வேர்) வைக்கலாம். ஆனா ஒரு சர்வர் டிஸ்கை இன்னொண்ணுக்கு நகலெடுக்கற ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷன் இயல்பா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் ஓடும். அந்த இடைவெளில போட்ட பில் போச்சு.

அதே காசுல 128 ஜிபி சர்வர் மூணு கேளுங்க. ஒண்ணு செத்தா மத்த ரெண்டும் ஆளுக்கு 80 ஜிபி விஎம் சுமக்கணும். டேட்டாவை எல்லா சர்வர்லயும் பிரதி எடுத்து வைக்கற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் செஃப். அதுல டிஸ்குக்கு ஒண்ணா ஓடற ஓஎஸ்டி நாலுக்கு தலா 4 ஜிபின்னு 16, சிஸ்டத்துக்குக் கொஞ்சம். 100 சொச்சத்துல அடங்கிடும். டிஸ்க் 1.92 டிபி, சர்வருக்கு நாலு. மூணு பிரதி வைக்கறதால கைக்கு வர்றது 7.68 டிபி, 85 சதவீதத்துலயே எச்சரிக்கை வந்துடும், 6 டிபியோட நிறுத்திக்கோங்க.

எஸ்எஸ்டில (கரண்ட் போனாலும் எழுதிட்டிருந்த டேட்டாவைக் காப்பாத்தற) பவர் லாஸ் புரொடெக்‌ஷன் கட்டாயம். கடை எஸ்எஸ்டி ஒவ்வொரு சிங்க் ரைட்டுக்கும் (பத்திரமா எழுதியாச்சான்னு உறுதி கேக்கற ரைட்) ஃபிளாஷ்ல எழுதி முடிக்கற வரை காக்க வைக்கும், டேட்டாபேஸ் ஊர்ந்து போகும். ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்கை அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டற ஐடி மோடு எச்பிஏ கார்டு போதும்.

மீனாட்சிபுரம்_மின்:
ரெட்டை பவர் சப்ளையை ஒரே யூபிஎஸ்ல சொருகினா அது ரெட்டையே இல்லைங்க. ஏ பக்கம் ஒரு யூபிஎஸ், பி பக்கம் இன்னொண்ணு, ரெண்டுக்கும் தனித்தனி எம்சிபி. கணக்கு: சர்வர் மூணு 350 வாட் வீதம் 1050, ஸ்விட்ச்சுக்கு 100, ஆக 1150. சுமை பாதிப்பாதியா பிரிஞ்சு ஓடறப்ப 1 கேவிஏ தாராளம்னு தோணும். ஒண்ணு நின்ன நொடியில முழுசும் மத்ததுமேல விழும், அதுவும் ஓவர்லோடுல டிரிப் ஆகும். அதனால ஒவ்வொண்ணும் 2 கேவிஏ, 0.8 பவர் ஃபேக்டர்ல 1600 வாட் தாங்கும்.

துலாம் (ஐப்பசி) மாசத்து இடியை மறந்துடாதீங்க. லேப் தனிக் கட்டடமா இருந்தா அங்கிருந்து செம்பு கேபிள் இழுக்கவே கூடாது, ஃபைபர்தான். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 2 வோல்ட்டுக்கு மேல காட்டினா சர்வர் இறக்கறதுக்கு முன்னாடி எர்த் குழியைப் பாருங்க.

வேலந்தாவளம்_நெட்:
ஸ்விட்ச்சுல ஒரே பவர் சப்ளைதானே இருக்குங்க?

சித்தூர்_ரேக்:
அதனால ஸ்விட்ச் ரெண்டு, ஒண்ணு ஏ பக்கம், இன்னொண்ணு பி பக்கம். சர்வரோட ரெண்டு நெட்வொர்க் போர்ட்டை ஒண்ணாக் கட்டற பாண்டிங்ல ஆக்டிவ்-பேக்கப் (ஒண்ணு ஓடும், மத்தது காத்திருக்கும்) வைங்க. ஸ்டாக்கிங் (ரெண்டு ஸ்விட்ச் ஒண்ணா நடந்துக்கறது) இல்லாத ரெண்டு ஸ்விட்ச்சுக்குக் குறுக்கே, ரெண்டு போர்ட்டையும் ஒரே நேரத்துல ஓட்டற எல்ஏசிபி வேலை செய்யாது. செஃப்புக்கு 10ஜி ஸ்விட்ச்சே வேண்டாம். சர்வருக்கு ரெண்டு போர்ட், டிஏசி (ரெண்டு முனையும் பொருத்தியே வர்ற செம்பு) கேபிள் மூணு, ஒண்ணோட ஒண்ணு நேரா இணைச்சா மெஷ். சர்வர்கள் ஒண்ணையொண்ணு உயிரோட இருக்கான்னு பாத்துக்கற கோரோசின்கை செஃப் கேபிள்ல ஏத்தாதீங்க, தனி 1ஜி போர்ட் குடுங்க. செஃப் நெரிசல்ல லேட்டன்சி ஏறினா நல்ல சர்வரே கோரம் இழந்து வாட்ச்டாக்ல (தானா ரீசெட் பண்ற காவல் டைமர்) ரீபூட் ஆகும்.

ஒரு சர்வர் படுத்துட்டா நாலாவது இல்லாததால செஃப் மூணாவது பிரதியைத் தானா கட்டாது. அந்த நேரத்துல இன்னொரு டிஸ்க் போனா ஒத்தப் பிரதி மிஞ்சின டேட்டாவுல படிக்கறது, எழுதறது ரெண்டும் நின்னுடும். எஸ்எஸ்டி ஒண்ணு, பவர் சப்ளை ஒண்ணு அலமாரில ஸ்பேர் வைங்க.

மீனாட்சிபுரம்_மின்:
இன்டர்நெட் லைன் ரெண்டும் ஒரே போஸ்ட்டுல வருதான்னு வெளிய போய்ப் பாத்துடுங்க. பில்லிங்கை ஏத்தறதுக்கு முன்னாடி ஏ பக்க யூபிஎஸ்ஸை அணைங்க, அதை மறுபடி போட்டுட்டு பியை அணைங்க, அதையும் போட்டுட்டு ஓடற சர்வர் ஒண்ணோட ரெண்டு வயரையும் உருவுங்க. ஏறக்குறைய 2 நிமிஷத்துல விஎம் வேற இடத்துல எழும்பணும்.