பிஎஸ்கே31: டெல்டாவில் எதிர்ப்படும் கோளாறுகள் – நான்கு ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

கும்பகோணம்:
ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வாங்கி, லேப்டாப்பில் டைப் செய்வதை ரேடியோவில் அனுப்பும் பிஎஸ்கே31 முறையில் இறங்குபவர்களுக்கு முதலில் வரும் தொல்லை, எதிர்முனையில் குப்பை எழுத்து விழுவது. பெரும்பாலும் காரணம் பவர் குறைவு அல்ல, ஆடியோ கூடிப்போவது.

ஒவ்வொரு பிட்டும் 32 மில்லிசெகண்ட். 0 என்றால் கேரியரின் (செய்தியைச் சுமக்கும் அலையின்) ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை, 180 டிகிரி திரும்பும். 1 என்றால் திரும்பாது. திரும்பும் இடத்தில் அலையின் உயரம் சுழியத்துக்கு மெல்ல இறங்கி, மெல்ல ஏற வேண்டும். ஆடியோவை அழுத்தினால் அந்த வளைவு தட்டையாகி, அக்கம்பக்கத்து அலைவரிசை எல்லாம் நாறிவிடும்.

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (பவரை வெப்பமாக்கி விழுங்கும் சுமை) மாட்டுங்கள். ரேடியோ யூஎஸ்பி-யில் (அப்பர் சைட்பேண்ட், கேபிள் அல்ல) இருக்கட்டும், ஸ்பீச் கம்ப்ரசர் ஆஃப். எதுவும் டைப் செய்யாமல் டிரான்ஸ்மிட் கொடுத்தால் வரிசையாக 0 மட்டுமே போகும். லேப்டாப் வால்யூமைச் சுழியத்திலிருந்து ஏற்றி, ஏஎல்சி முள் (ஆடியோ கூடினால் ரேடியோ தானே அடக்குவதைக் காட்டும் மீட்டர்) அசையும் முன் நிறுத்துங்கள். 100 வாட் ரேடியோவுக்கு 25, 30 வாட் தாராளம். இப்போது வாட்டர்ஃபாலில் (திரையில் சிக்னலைக் கோடுகளாகக் காட்டும் படம்) 31.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் தண்டவாளம் போல இரண்டு கோடு மட்டும் தெரிய வேண்டும். வெளிப்புறம் மேலும் கோடு முளைத்தால் இன்னும் குறைக்கணும். ஐஎம்டி (அசல் கோட்டோடு ஒப்பிட்டால் அந்த வேண்டாத கோடுகளின் பலம்) அளவு மைனஸ் 30 டிபி நல்ல சிக்னல், மைனஸ் 20 மோசம். டைப் செய்யும்போது எடுக்கும் ஐஎம்டி கணக்கில் சேராது.

நாகப்பட்டினம்:
கும்பகோணம் அண்ணன் சொன்னபடி எல்லாம் சரியாக வைத்தும் கோடு முளைத்தால், இடைவெளியை அளந்து பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் கரண்ட் ஹம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் போய்விடும். நிரந்தரத் தீர்வு, ஆடியோ லைனில் 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர்.

புயலுக்குப் பிறகு பேட்டரியில் ஓட்டுபவர்கள் வயரின் கனத்தைப் பாருங்கள், மெல்லிய வயரில் வோல்டேஜ் விழும். பல ரேடியோக்கள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரைதான் தாங்கும், டிரான்ஸ்மிட்டில் 11.7-க்குக் கீழே போனால் சிக்னல் கெடும். கடலோர உப்புக்காற்றில் ஆன்டெனா கனெக்டரைச் சுய ஒட்டு டேப்பால் சுற்றாமல் விடவே கூடாது.

மன்னார்குடி:
மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் பொழுது சாய்ந்தபின் சிக்னல் பலமாக இருந்தும் எழுத்து சிதறும். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கம். இரவு தொடங்கும்போது அயனமண்டலம் (உயரே ரேடியோ அலையைத் திருப்பும் வான அடுக்கு) கொந்தளித்து, வரும் அலையின் ஃபேஸையே ஆட்டிவிடும். கருவியில் குறை தேடாதீர்கள். இரு மடங்கு வேகமான பிஎஸ்கே63-க்கு மாறுங்கள்: பிட் 16 மில்லிசெகண்ட்தான், அதற்குள் ஃபேஸ் நகரும் அளவு பாதி. பிஎஸ்கே31-ன் நான்கு ஃபேஸ் வகையான க்யூபிஎஸ்கே31 இங்கே கைகொடுக்காது, அந்த நான்கும் 90 டிகிரி இடைவெளியில் நெருங்கி நிற்பதால். அதில் சைட்பேண்ட் மாறினாலும் எழுத்து வராது. சாதா பிஎஸ்கே31-க்கு அந்தக் கவலை இல்லை.

திருத்துறைப்பூண்டி:
ஃபேஸ்களின் அதே நெருக்கம்தான் டிவி டிஷ்ஷிலும். ஐப்பசி அடைமழையில் சில சேனல் நிற்கும், சில போகும். டிவிபி-எஸ்2 என்னும் சாட்டிலைட் டிவி முறையில், 3/4 கோட் விகிதத்துக்கு (நான்கில் மூன்று பங்கு தகவல், மீதி பிழை திருத்த) சத்தத்தைவிடச் சிக்னல் க்யூபிஎஸ்கேவுக்குச் சுமார் 4 டிபி, எட்டு ஃபேஸ் கொண்ட 8பிஎஸ்கேவுக்குச் சுமார் 8 டிபி உயர்ந்திருக்க வேண்டும். வெயிலிலும் 8பிஎஸ்கே சேனல் மட்டும் ஸ்ட்ரெங்த் முழுசாக இருந்து குவாலிட்டி விழுந்தால் டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை. எல்என்பி (டிஷ் முன் நிற்கும் ரிசீவர் தலை) ஆஸிலேட்டர் ஃபேஸ் நடுங்குகிறதா என்று வேறு எல்என்பி மாட்டிப் பாருங்கள்.

கும்பகோணம்:
பிஎஸ்கே31-ல் விட்டுப்போன ஒன்று. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள், பெரிய எழுத்துக்கு பிட் அதிகம். சிறிய ‘e’ 11, எழுத்துகளைப் பிரிக்கும் 00 சேர்த்து நான்கு பிட். பெரிய ‘E’க்கு ஒன்பது. லேப்டாப் நோட்டிஃபிகேஷன் ஒலியையும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் காற்றில் போகும்.