அப்டேட்: முழங்கைக்கு டிஎம்எஸ்ஓ தடவலாமான்னு கேட்டிருந்தேன்ல

பவுலிங் போட்டுப் போட்டு முழங்கை பிடிச்சுக்கிச்சு, டீம்ல ஒரு அண்ணன் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடுங்கற கெமிக்கல், சிலர் வலிக்குத் தடவறாங்க) பாட்டில் குடுத்தாரு, தடவலாமான்னு கேட்டிருந்தேன். என்னாச்சுன்னு நிறைய பேர் கேக்கறீங்க, அதான் இது.

தடவல. லேபிள்லயே சால்வென்ட்னுதான், அதாவது மத்த பொருள கரைக்கற திரவம்னுதான் போட்டிருக்கு. இது காகித ஆலைல மரக்கூழ் எடுக்கும்போது மிஞ்சற சரக்குலேர்ந்து பண்றது, தோல்ல பட்டா சடார்னு உள்ள போயிடும், போறது மட்டுமில்லாம தோல்மேல ஒட்டியிருக்கற வேற கெமிக்கலையும் கூட்டிட்டுப் போயிடும், அதான் எனக்கு பயம். அப்புறம் அந்த நாத்தம் இருக்கே! கைல தடவினா கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் பூண்டு வாடை, அண்ணன் பக்கத்துல ஸ்லிப்ல நின்னவங்களுக்குத் தெரியும்.

1960கள்ல அமெரிக்காவுல ஒரேகான்ல ஸ்டான்லி ஜேக்கப்னு ஒரு டாக்டர் இத பெரிய வலி மருந்தா கொண்டாந்தாரு. விலங்குகளோட கண் லென்ஸ் மாறுதுன்னதும் 1965ல எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) சோதனைய நிறுத்திடுச்சு. 1978ல அனுமதி குடுத்தாங்க, ஆனா சுளுக்குக்கு இல்ல, ஒருவகை மூத்திரப்பை வலிக்கு. குதிரை வீக்கத்துக்கு ஜெல் இருக்கு, அண்ணன் அதத்தான் பெருசா பேசுவாரு, நான் என்ன ரேஸ்லயா ஓடறேன்?

முழங்கால் தேய்மானத்துக்கு வர்ற ஒரு டைக்ளோஃபெனாக் (வலி, வீக்க மருந்து) சொட்டு மருந்துல டிஎம்எஸ்ஓ கலந்திருக்கு, மருந்த உள்ள இறக்கறதுக்கு, ஆனா அது மருந்துத் தரம், டாக்டர் எழுதித் தரணும். எனக்கு பிசியோ குடுத்தது சின்ன டம்பெல், மெதுவா இறக்கற எக்சர்சைஸ். இப்போ டீ டம்ளர் தூக்கினா வலிக்கல, யார்க்கர் போட்டா இன்னும் சுள்ளுங்குது.