பெர்டி மீ நிஜமாகவே பிசியோவா? பிரியாணி பந்தயத்தில் மாட்டிக்கொண்டேன்

கிளாக்எண்ட் ரசிகன்:
நான் வெங்கர் மேனேஜராக இருந்த காலத்தில் லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனலைப் பார்க்க ஆரம்பித்தவன். அதற்கு முந்தைய கதை எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். 1970-71 சீசனில் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் ஜெயித்த டீமுக்கு மேனேஜர் பெர்டி மீ என்பது தெரியும். போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர், "அவர் வாளியும் ஸ்பாஞ்சும் தூக்கிக்கொண்டு ஓடின பிசியோ, தெரியுமா?" என்றார். நான் நம்பாமல் பிரியாணி பந்தயம் கட்டிவிட்டேன். மீ எந்த அளவுக்கு ஆடியவர்? ஒரு பிசியோவை எப்படி மேனேஜர் ஆக்கினார்கள்?

இடது விங்:
பிரியாணிக்குக் காசு எடுத்து வையுங்கள். ஆனால் வாளி, ஸ்பாஞ்ச் என்று சொன்னதற்காக உங்கள் நண்பருக்குப் பாதி பிளேட்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். அதற்கு முன்னால் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் டீம் ஒன்றுக்கு மூன்று சீசன் மைதான ஓரத்தில், விங்கில் ஓடியவன். அதனால் மீ மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மீ 1918 கிறிஸ்துமஸ் அன்று நாட்டிங்ஹாம் பக்கம் புல்வெல்லில் பிறந்தவர். இவரும் விங்கர்தான். டெர்பி கவுண்டியில் நிலைக்க முடியாமல் மூன்றாம் டிவிஷனில் இருந்த மான்ஸ்ஃபீல்டு டவுனுக்குப் போனார். அப்புறம் போர் வந்தது, காயமும் வந்தது, ஆட்டம் முடிந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் ஆறு வருடம் இருந்து பிசியோதெரபி கற்றார். போரில் கை, கால் அடிபட்ட சிப்பாய்களை மறுபடி நடக்க வைப்பதுதான் அதற்குப் பிறகு அவருக்கு வேலை.

அந்தக் காலத்துக் கிளப்புகளில் ட்ரெய்னர் என்றால் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். படிப்பு இருக்காது, ஒரு வாளித் தண்ணீர், ஸ்பாஞ்ச், தேய்க்க மருந்து, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலி கொஞ்ச நேரம் மரத்துப்போகும், ஆட்டச் சூட்டில் எழுந்து ஓடவும் முடியும். உள்ளே கிழிந்தது கிழிந்தபடியேதான் இருக்கும். என் முழங்கால் திரும்பிய அன்று ஓடி வந்தவர் தண்ணீரை ஊற்றி, காலைப் பிடித்து ஒரு இழு இழுத்து, "சுளுக்குதான், எழுந்திரு" என்றார். நானும் எழுந்து இருபது நிமிடம் ஆடினேன். ஸ்கேன் எடுத்தபோது முழங்காலின் முக்கியத் தசைநார், ஏசிஎல், போயிருந்தது.

மீ அந்த ரகம் இல்லை. 1960இல் ஆர்சனலுக்கு வந்தவர், ராணுவ ஒழுங்கை அப்படியே கொண்டுவந்தார். நன்றாக இருப்பவன் பயிற்சி முடிந்து மதியமே வீட்டுக்குப் போவான். காயம் என்பவன் ஆபீஸ் போகிறவன் மாதிரி நாள் முழுக்க அங்கேயே உடற்பயிற்சி செய்ய வேண்டும். காயத்தோடு இருப்பதைவிட ஆடுவதே மேல் என்று ஆகிவிடும். நாங்கள் இன்று கிளினிக்கில் கெஞ்சிக் கெஞ்சிச் செய்ய வைப்பதை அவர் நேர அட்டவணை போட்டே செய்ய வைத்தார்!

1966இல் மேனேஜர் பில்லி ரைட்டை நீக்கிவிட்டு, எல்லோரும் பெரிய பெயரை எதிர்பார்த்தபோது நிர்வாகம் இவரைக் கூப்பிட்டது. ஒரு வருடம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் என் பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். தான் கோச் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பயிற்சியை முதலில் டேவ் செக்ஸ்டனிடமும் பிறகு டான் ஹோவிடமும் விட்டார்.

உடனே எல்லாம் கைகூடிவிடவில்லை. 1968 லீக் கோப்பை ஃபைனலில் லீட்ஸிடம் தோல்வி. அடுத்த வருடம் மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டனிடம் 3-1 என்று அடி. அந்த ஃபைனலுக்கு முன்னால் ஆர்சனல் ஆட்கள் பலருக்கு ஃப்ளூ, பிசியோ மேனேஜராக இருந்தும்! 1970இல் ஐரோப்பிய கிளப்புகள் ஆடிய ஃபேர்ஸ் கோப்பை, 17 வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கோப்பை. அடுத்த வருடம்தான் நீங்கள் சொன்ன இரட்டைப் பட்டம், டபுள்.

ஆன்ஃபீல்டு பக்கம்:
எங்கள் லிவர்பூல் மேனேஜராக இருந்த பாப் பெய்ஸ்லியும் பிசியோதானே? அவரை விட்டுவிட்டீர்களே.

இடது விங்:
பெய்ஸ்லி பிசியோதெரபியைத் தபால் வழியில் படித்தவர். ஆட்டக்காரன் நடந்து வருவதைப் பார்த்தே எங்கே வலி என்று சொல்லிவிடுவாராம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் லிவர்பூலுக்கே ஆடி லீக் பட்டம் வாங்கியவர். நான் சொல்ல வந்தது ஆடி ஜெயிக்காதவர்களைப் பற்றி.

அந்தக் கணக்கில் அடுத்தவர் கேரி லெவின். ஆர்சனலில் கோல்கீப்பராக வளர்ந்த பையன். கிளப் வேண்டாம் என்றுவிட்டது. அப்போது லீக்குக்கு வெளியே இருந்த பார்னெட்டுக்குப் போனார். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபியும் படித்தார். 1986இல், 22 வயதில், அதே ஆர்சனலின் முதன்மை டீமுக்கு பிசியோ ஆனார். 2008 வரை இருந்தார். 2007 லீக் கோப்பை ஃபைனலில் செல்சி கேப்டன் டெர்ரி, முகத்தில் ஆர்சனல் ஆட்டக்காரர் டியாபியின் ஷூ பட்டு நினைவில்லாமல் விழுந்தார். மூச்சு அடைபடாமல் பார்த்துக்கொண்டவர் எதிர் டீமின் பிசியோவான லெவின்தான். செல்சி ஜெயித்தது; டெர்ரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கொண்டாட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

2014 உலகக் கோப்பையில் லெவின் இங்கிலாந்து பிசியோ. மனாஸில் இத்தாலிக்கு எதிராக ஸ்டரிட்ஜ் கோல் போட்டதும் துள்ளிக் குதித்தவர், கீழே கிடந்த தண்ணீர் பாட்டில் மேல் கால் வைத்து, கணுக்கால் மூட்டு விலகி, ஸ்ட்ரெச்சரில் போனார். பாவம், சிரிக்கக் கூடாது. நான் சிரித்தேன்.

கிளாக்எண்ட் ரசிகன்:
நண்பரிடம் காட்டினேன். பாதி பிளேட்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டாராம், சனிக்கிழமை முழு பிளேட். அண்ணா, உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

இடது விங்:
மாடிப்படி இறங்கும்போது சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு ஆடுகிறேன், கோல்கீப்பராக.