பாம்பன் பாலத்தில் இரண்டு ரயில்கள் முட்டி நிற்கின்றன

நண்பர்களே, ஃபேக்டோரியோ 2.0 என்ற தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டில் மண்டபத்தையும் ராமேஸ்வரத்தையும் இணைக்கும் பாலத்தைக் கட்டி வருகிறேன். தண்ணீரை மண்ணால் நிரப்பி, மேலே ஒற்றைத் தண்டவாளம். 1914-இல் திறந்த பழைய பாலமும் ஒற்றைப் பாதைதானே, அதையே பின்பற்றினேன். அந்தப் பிடிவாதம்தான் இப்போது வினை.

ஒரு ரயில் ஓடியவரை குறையில்லை. போன ஞாயிறு இரண்டாவதை விட்டேன். இரண்டுக்கும் இரு முனைகளிலும் எஞ்சின், நடுவே நான்கு பெட்டிகள். ஒன்று இரும்புத் தாது, மற்றது நிலக்கரி. பத்து நிமிடத்தில் பாலத்தின் நடுவே மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

பாலத்தில் மூன்று இடங்களில், தடத்தின் இருபுறமும் எதிரெதிராகச் சாதாரண சிக்னல் (அடுத்த பகுதி காலியாக இருந்தாலே ரயிலை விடுவது) வைத்திருந்தேன். அவற்றை எடுத்துவிட்டு, இரு நுழைவாயில்களிலும் செயின் சிக்னல் (அதற்கு அடுத்த சிக்னலும் வழிவிட்டால்தான் ரயிலை விடுவது) வைத்தேன். மோதல் நின்றது. ஆனால் ஒரு ரயில் முழுப் பாலத்தையும் கடக்கும்வரை, அதே திசையில் போகும் அடுத்த ரயிலும் வெளியே காத்துக்கிடக்கிறது. பாலமோ நீளம். நடுவிலும் செயின் சிக்னல் வைத்துப் பார்த்தேன், அதே காத்திருப்பு. நிலையங்களின் ரயில் வரம்பை (ஒரே நேரத்தில் ஒரு நிலையத்துக்கு எத்தனை ரயில்கள் வரலாம் என்பதை) 1 ஆக்கினேன், பலனில்லை. கையால் ஓட்டிப் பிரித்துவிடுவதும் அலுத்துவிட்டது.

இரட்டைப் பாதை போடச் சொல்லாதீர்கள், அது பாம்பன் ஆகாது.

ஒரே திசையில் இரண்டு ரயில்கள் அடுத்தடுத்துப் பாலத்தில் போகவும், எதிர்த்திசை ரயில் மட்டும் கரையிலேயே நிற்கவும் எந்தச் சிக்னலை எங்கே வைக்க வேண்டும்?